பன்வில: மலையும் மக்களும்

ஓர் ஊரின் வரலாறு என்றவுடன் கோட்டை கொத்தளங்களும் அரசரின் படையெடுப்புகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அத்தகைய சிறப்புகள் எவையுமில்லாத சிற்றூர்களுக்கும் வரலாறு உண்டு. அங்கு வாழும் மக்கள் எங்கிருந்து வந்தனர், எவ்வாறு உழைத்தனர், ஒருவரோடொருவர் எவ்வாறு பழகினர், 'இது எங்கள் ஊர்' என்று சொல்லும் உரிமையை எப்போது பெற்றனர் என்பனவற்றையெல்லாம் கூறுவதே அவ்வரலாறாகும். கண்டி மாவட்டத்திலுள்ள பன்வில அத்தகையதொரு வரலாற்றையுடைய சிற்றூர்.

கண்டி நகரிலிருந்து வடகிழக்கே மகாவலி கங்கையைக் கடந்து, வத்தேகமை வழியாக மலையேறிச் செல்லும் பாதையிலே பன்வில அமைந்துள்ளது. அதற்கு அப்பால், மடக்கிய கைவிரல்களின் முட்டிகளைப் போன்று ஒரு மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அத்தோற்றத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என வழங்குவர். அதன் மிகவுயர்ந்த சிகரமாகிய கொம்பானியா 1,906 மீற்றர் உயரமுடையது. இம்மலைகளிலிருந்து இறங்கிவரும் ஹுலு கங்கை மகாவலியின் கிளைகளுள் ஒன்றாகும். இன்று அதன் நீர், 1985 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது. பழைய தெல்தெனிய நகரம் அந்நீரினடியிலேதான் மூழ்கிக் கிடக்கின்றது.

சிங்கள மொழியில் 'பன்' என்பது பாய் பின்னும் கோரையைக் குறிக்கும்; 'வில' என்பது தேங்கிய நீர்நிலையைக் குறிக்கும். ஆகவே கோரை படர்ந்த நீர்நிலை என்று இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். தேயிலையும் கோப்பியும் வருவதற்கு முன் இப்பள்ளத்தாக்குகள் எவ்வாறிருந்தன என்பதை அப்பெயரே ஓரளவு உணர்த்துகின்றது.

கண்டி அரசின் நாடுகளுள் தும்பறையும் ஒன்று. கண்டியை ஆண்ட கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். ஆங்கிலப் படை தலைநகரை நெருங்கியபோது அவன் மகாவலியைக் கடந்து தும்பறை நாட்டிற்குள்ளேயே அடைக்கலம் புகுந்தான். 1815 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமகாநுவரவுக்கு அண்மையில் அவன் சிறைப்பிடிக்கப்பட்டான். பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே உயிர்நீத்தான். மன்னன் போன பின்னரும் தும்பறை எளிதிற் பணிந்துவிடவில்லை. 1817 இலும் 1818 இலும் நிகழ்ந்த கிளர்ச்சியில் தலைமை தாங்கியவருள் மடுகல்லையும் ஒருவர். 1818 நவம்பர் 26 ஆம் திகதி கெப்பெட்டிப்பொலையுடன் அவரும் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அக்காலத்துக் கிராம வாழ்க்கை தன்னளவில் நிறைவானது. பள்ளத்தில் நெல் வயல், வீட்டைச் சுற்றிப் பலாவும் கமுகும் கித்துலும், மலைச்சரிவிலே சேனைப் பயிர், அதற்கு மேலே காடு என்று நிலம் வகுக்கப்பட்டிருந்தது. காட்டிற்கு ஒருவரும் உறுதி எழுதி வைத்திருக்கவில்லை; விறகும் தேனும் மருந்து மூலிகைகளும் வேண்டியவர்கள் சென்று எடுத்து வந்தனர். உப்பும் கருவாடும் புடவையும் வெளியிலிருந்து வந்தன. முஸ்லிம் வணிகர் அவற்றைப் பொதி மாடுகளில் ஏற்றிக் கொணர்ந்து, பாக்கும் மிளகும் கொண்டு சென்றனர். தவளம் என்று பெயர்பெற்ற அம்மாட்டு வரிசையின் மணியோசை மலைப்பாதைகளிற் கேட்டது. ஊர் வழக்குகளை ஊர்ப் பெரியோர் கூடிய கம்சபா தீர்த்துவைத்தது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது போரன்று, ஒரு சட்டமே. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையை நிறுவ இயலாத காடும் தரிசும் முடிக்குரியனவென்று கொள்ளப்பட்டன. உறுதி எழுதும் வழக்கமே இல்லாதிருந்த மக்களிடம் உறுதியைக் காட்டுமாறு கேட்கப்பட்டது. அவ்வாறு முடியின் வசமான நிலம் கோப்பி பயிரிட வந்த ஐரோப்பியருக்கு விற்கப்பட்டது. 1837 இல் இலங்கைக்கு வந்த றொபேட் போய்ட் டைட்லர், மேற்கிந்தியத் தீவுகளிற் கையாளப்பட்ட கோப்பிச் செய்கை முறையைத் தும்பறைப் பகுதியிலே புகுத்தினார். அதன் பின்னர் மலைக்காடுகள் விரைவாக அழிந்தன. மடுல்கலை, கெலேபொக்க என்று இவ்வட்டாரத்திலே தோட்டங்களின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சிங்களத்திலே 'கெலே' என்றால் காடு. காடு போய்விட்டது; அதன் பெயர் மட்டும் தோட்டத்தின் பெயராக எஞ்சியது.

காட்டை வெட்டவும் கோப்பிப் பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். தமது வயலையும் சேனையையும் விட்டுக் கூலிக்குச் செல்லக் கண்டிச் சிங்கள விவசாயி விரும்பவில்லை. ஆதலின் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களை நோக்கித் தோட்டக்காரரின் பார்வை திரும்பியது. பஞ்சத்தாலும் கடனாலும் நிலமின்மையாலும் வாடிய மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டனர். தலைமன்னார்ப் பக்கத்திற் கரையிறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலைகளிற் பிரிந்து சென்றனர். நீரின்றியும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் விழுந்தவர் பலர். 2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் அப்பாதையில் நடந்தனர்.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்திற்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869 இல் இலங்கைக் கோப்பியைப் பற்றிய இலை நோய் அந்நிலையை மாற்றியது. 1870 களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பிப் பயிர், அடுத்த பத்தாண்டுகளில் அழிந்தொழிந்தது. அதற்கு முன்னரே, 1867 இல், ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அச்சிறு முயற்சி முழு மலைநாட்டிற்கும் வழிகாட்டியது. தும்பறையின் தாழ்ந்த பகுதிகளிற் கொக்கோவும், உயர்ந்த காடுகளில் ஏலமும், நடுச்சரிவுகளிலே தேயிலையும் இடம்பெற்றன. 1880 இல் கண்டிக்கும் மாத்தளைக்குமிடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, வத்தேகமை இவ்வட்டாரத்தின் புகையிரத வாயிலாயிற்று.

தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் கைகள் இன்றியமையாதன. ஆகவே ஆண்கள் மட்டும் வந்து போன நிலை மாறிக் குடும்பங்கள் தங்கலாயின. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அறைகள் வரிசையாக அமைந்த லயங்களிற் பிள்ளைகள் பிறந்தனர். பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தனர். வந்தவர்கள் ஊரவரானது இவ்வாறுதான்.

அக்காலத் தோட்டத்து வாழ்க்கை முறையைப் பன்வில வட்டாரமும் நன்கறியும். விடியுமுன் தப்பொலி எழும்பும். பெரட்டுக் களத்திலே பெயர் பதிவாகும். அதன்பின் பெண்கள் கூடையுடன் மலைக்கேறுவர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் விடப்படும். பறித்த கொழுந்து மடுவத்திலே நிறுக்கப்படும். மாதம் ஒருமுறை சம்பள நாள் வரும்போது மக்கள் திரளாகக் கடைவீதிக்கு இறங்குவர். தோட்டத் தொழிலாளரின் பற்றுக் கொப்பி முஸ்லிம் வணிகரின் கடையிலே இருக்கும். கிராமத்துச் சிங்களப் பெண் பலாக்காயும் கீரையும் விற்க அதே வீதிக்கு வருவாள். கடைவீதியிற் பேசப்படும் மொழி, இரு மொழிகளின் சொற்களும் கலந்ததாக இருக்கும். அரசியல் மேடைகளிற் பிரிந்து நின்றவர்களும் இவ்வீதியில் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாகவே இருந்து வந்துள்ளனர்.

விழாக்களும் இம்மலைச்சாரலில் வாழ்வைப் பிணைப்பன. தோட்டந்தோறும் மாரியம்மன் கோவில் உண்டு. மாசி மாதத்திற் காமன் கூத்து நடைபெறும்போது ஒரு தோட்டம் முழுவதுமே அரங்கமாகிவிடும். ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைபவர்கள் பகலெல்லாம் மலையில் உழைத்தவர்களே. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் எழுத்தறியாதோரின் நாவிலேயே தலைமுறைகளைக் கடந்து வந்தன. கிராமத்து விகாரையில் வெசாக் ஒளிவிளக்குகள் ஏற்றப்படும் இரவில் தோட்டத்துப் பிள்ளைகளும் காணச் செல்வர். நோன்புப் பெருநாளன்று கடைவீதி மூடியிருந்தாலும் அயலவர் வீடுகளுக்குப் பலகாரம் போய்ச் சேரும்.

ஆனால், சந்தையில் ஒன்றாயிருந்த மக்கள் சட்டத்தின் முன் ஒன்றாயிருக்கவில்லை. பழைய கம்சபாவை ஆங்கில அரசு 1871 இற் சட்டத்தின் மூலம் புதுப்பித்தது. அதன் வழிவந்த கிராமச் சபைகள் வீதியையும் கிணற்றையும் பராமரித்தன. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. எனினும் 1930 களின் இறுதியிலே கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அதன் வாக்காளராகும் வாய்ப்பை இழந்தனர். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டையிலுள்ள முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தின்போது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வழிசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974 இல் உடன்பாடு ஏற்பட்டது. எண்களாகக் காணும்போது இவை எளிதாகத் தோன்றுகின்றன. லயத்தினுள்ளே அதன் பொருள் வேறாக இருந்தது. அண்ணன் கடவுச்சீட்டுப் பெற்று நீலகிரிக்குச் சென்றான். தங்கை கணவனுடன் தும்பறை மலையிலே தங்கினாள். ஒரே தாயின் பிள்ளைகள் இரு நாடுகளின் குடிகளாயினர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய பின்னரே இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

ஆயினும் பிரசாவுரிமை பெறுவது வேறு. ஊருரிமை பெறுவது வேறு. இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் சிற்றூர்களைச் சற்று நோக்குதல் தகும். அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களிலே, வாக்காளர் அனைவரும் ஓரிடத்திற் கூடிப் பாடசாலைக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு என்று கையுயர்த்தித் தீர்மானிக்கும் ஊர்க்கூட்ட முறை பதினேழாம் நூற்றாண்டு முதல் நடைபெற்று வருகின்றது. 1830 களில் அங்கு சென்ற பிரெஞ்சு அறிஞர் தொக்வில், மக்களாட்சியின் பயிற்சிக்கூடம் ஊராட்சியே என்னும் கருத்தை வலியுறுத்தினார். அங்கும் பெண்களும் கறுப்பின மக்களும் பழங்குடியினரும் நெடுங்காலம் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. எவ்வூரிலும், தன் வீட்டு வாசலுக்கு வரும் பாதையைப் பற்றிப் பேசும் உரிமையே குடியுரிமையின் முதற் படியாகும்.

பன்வில போன்ற ஊர்களில் அப்படி நெடுங்காலம் இல்லாதிருந்தது. 1987 இல் பிரதேச சபைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்து மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தனர். அவர்களிலிருந்தும் உறுப்பினர் தெரிவாயினர். எனினும் தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் சபையின் பணத்தைச் செலவிட அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக விளங்கியது. தார் போட்ட வீதி தோட்டத்தின் எல்லையிலே நின்றுவிடும். அதற்கு மேல் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளிக்கு வரும் கடிதமும் லயத்துக் கதவுக்கு வருவதில்லை. தோட்டத்து அலுவலகத்திற்கே வந்து சேரும். இலக்கமில்லாத வீட்டில் வாழ்பவனுக்கு முகவரி ஏது? இந்தச் சட்டத் தடை 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. ஒரு பிரிவைத் திருத்துவதற்கு முப்பத்தொரு ஆண்டுகள் சென்றன.

பாடசாலையின் கதையும் இதனை ஒத்ததே. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஓரறையும் ஓராசிரியரும் கொண்டு, தோட்ட நிர்வாகத்தின் கீழிருந்தன. கூடை சுமக்கும் வயது வந்ததும் படிப்பு நின்றுவிடும். 1970 களின் பிற்பகுதியில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்ற பின், அதே லயங்களிலிருந்து ஆசிரியரும் எழுதுவினைஞரும் பட்டதாரிகளும் தோன்றினர். அவர்களிற் பலர் கண்டிக்கும் கொழும்புக்கும் சென்று விட்டனர். விழாக்காலத்தில் மட்டும் மலையேறி வருகின்றனர்.

இயற்கையின் பக்கத்தையும் கூறாது விடலாகாது. நக்கிள்ஸ் மலைக்காடு 2000 ஆம் ஆண்டிற் பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2010 இல், இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதிகளுள் அதுவும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஏலச் செய்கையை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு தொழில் தேட நேர்ந்தது. காட்டைக் காப்பதும் காட்டையடுத்து வாழ்வோரைக் காப்பதும் ஒருங்கே செய்யவேண்டிய பணிகளென்பதை அந்த அனுபவம் காட்டியது.

கோரை வளர்ந்த நீர்நிலையின் பெயரைத் தாங்கிய இச்சிற்றூருக்கு நால்வகை மக்கள் நான்கு வழிகளில் வந்து சேர்ந்தனர்: வயலோடு பிறந்தவர், பொதி மாட்டோடு வந்தவர், கங்காணியின் பின்னே நடந்தவர், நிலம் வாங்கக் கப்பலேறியவர். கடைசியாகக் கூறப்பட்டவர் திரும்பிச் சென்றுவிட்டனர். ஏனைய மூவரும் எஞ்சி நிற்கின்றனர். மலையின் இருபுறத்து வீடுகளுக்கும் ஒரே சபை பாதை போடலாம் என்ற நிலை சட்டத்தில் வந்துவிட்டது. அப்பாதை ஒவ்வொரு லயத்தின் வாசலையும் சென்றடையும் நாளிலேதான் பன்விலவின் வரலாற்றில் இந்த அத்தியாயம் முற்றுப்பெறும்.