ஜாதி நாய்: சிப்பிப்பாறையை முன்வைத்து

'ஜாதி நாய்' என்று தமிழில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மனுசர் விஷயத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்கிற சொல் நாய் விஷயத்தில் கூச்சமில்லாமல் வந்துவிடுகிறது. 'அழிந்துவரும் நம் பாரம்பரிய இனம்' என்று இன்று கொண்டாடப்படும் சிப்பிப்பாறை நாயின் வரலாற்றை இந்தக் கூச்சமின்மையிலிருந்து வாசிக்கலாம்.

சிப்பிப்பாறை கரிசல் வட்டாரத்து ஊர். இந்த நாய் மோந்து பார்த்துத் தேடுவதில்லை, கண்ணால் கண்டு ஓடிப் பிடிப்பது. அடர்ந்த காட்டில் இதற்கு வேலை கிடையாது. வெள்ளாமை எடுத்தபின் கண்ணுக்கெட்டிய மட்டும் வெட்டவெளியாகக் கிடக்கிற கரிசல்தான் இந்த உடம்பைச் செய்தது: நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. முயலுக்குப் பின்னால் ஓடிய ஓட்டத்தில் தேறிய உடம்பு இது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் 'குருளை' என்ற ஒரே பெயரைத்தான் தருகிறது. துரத்துவதற்கும் துரத்தப்படுவதற்கும் அங்கே ஒரே பெயர்!

நாய்களைப் பற்றி இப்போது சொல்லப்படுகிற கதைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜமீன்தாரோ பாளையக்காரரோ இருந்தாக வேண்டியிருக்கிறது. நாய்க்குக் கூழ் ஊற்றியவர், அதன் பின்னால் வெறுங்காலோடு ஓடியவர் அந்தக் கதைகளில் இல்லை. இதோடு எடுத்தனூர் நடுகல்லை வைத்துப் பார்க்கலாம். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் நட்ட கல் அது. அதில் ஒரு நாய்க்குப் பெயரே உண்டு: கோவிவன். கள்வரைக் கடித்ததற்காக அது கல்லில் ஏறியது. எந்த ஜாதி நாய் என்று கல் சொல்லவில்லை, என்ன செய்தது என்றுதான் சொல்கிறது.

செய்கையை விட்டுப் பிறப்பையும் தோற்றத்தையும் பார்க்கிற முறைக்கு நவீன வரலாறு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1859இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் கென்னல் கிளப் வந்தது. வம்சாவளிப் பதிவேடு, நிறம், உயரம் என்று நாய் அளக்கப்பட்டது. அந்தக் கண்ணாடி இங்கேயும் வந்து சேர்ந்தது. கறுப்பும் பழுப்பும் கலந்திருந்தால் கன்னி, மற்ற நிறமென்றால் சிப்பிப்பாறை என்கிறார்கள். உடம்போ ஒன்றுதான். இரண்டும் ஒரே இனமா என்பதில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை.

தூய்மை என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ராஜபாளையம் நாய் வெள்ளைவெளேரென்று இருக்கணும், மூக்கு ரோஜா நிறத்தில் இருக்கணும் என்றார்கள். நிறமிச் செல்கள் தோலில் மட்டுமல்ல, உள்காதிலும் வேலை செய்கிறவை. அவை அங்கே இல்லாமல் போனால் குட்டி செவிடாகிறது. வெள்ளைக்குக் கொடுத்த விலை காது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991 திருத்தம் அதை இறுக்கியது. முயல் வேட்டை குற்றமாயிற்று. சரிதான், முயலும் உயிர்தானே. ஆனால் வேலை போன நாய்க்கு உடம்பு மிச்சமிருக்கிறது. 2005இல் தபால்தலைக்கு ராஜபாளையம் தேர்வானது, சிப்பிப்பாறைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். வேட்டை நாய் தேசத்தின் சின்னமாக மாறுகிற இடம் இது. சின்னத்துக்கு ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும்.

அடுக்குமாடியில் சங்கிலியில் நிற்கிற சிப்பிப்பாறையின் கஷ்டம் இங்கிருந்துதான் வருகிறது. வீண் குரைப்பு இல்லாத நாய். வளர்த்தவரிடம் ஒட்டும், அந்நியர் தொட்டால் ஒதுங்கும். இதைத் திமிர் என்கிறார்கள். ஓடுகிற பூனையையும் கோழியையும் விரட்டுகிறது. இதை முரட்டுத்தனம் என்கிறார்கள். விலா எலும்பு தெரிகிறதே என்று சோற்றைத் திணிக்கிறார்கள். அந்த விலா பட்டினியல்ல, அதன் வாகு. குட்டை மயிரும் கொழுப்பில்லாத உடம்பும் வெயிலைத் தாங்கும், குளிரையும் ஈரத்தையும் தாங்காது. கொழுப்பு குறைவென்பதால் இந்த வகை நாய்களுக்கு மயக்கமருந்து கொடுப்பதில் கவனம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் வேலி போட்ட திறந்த வெளியில் அவிழ்த்துவிட்டு ஓடவைக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் வாங்காமல் இருப்பதே பராமரிப்பு.

இதைக் காப்பாற்றுவதென்றால் எதைக் காப்பாற்றுவது? நிறத்தையும் சான்றிதழையும் என்றால் நாய்க்குள் ஜாதியைக் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான். இழுத்துச் செல்லப்படும் துணிப்பொம்மையின் பின்னால்கூட இந்த நாய் ஓடும். அந்த ஓட்டத்தையும் காதையும் இதயத்தையும் சோதித்து, நிறம் பாராமல் கன்னியோடு சிப்பிப்பாறையைச் சேர்க்க எத்தனை வளர்ப்பாளர்கள் முன்வருவார்கள்? கலப்பு என்றதும் நமக்கு வருகிற பதற்றம் நாயைப் பற்றியது மட்டும்தானா?