வேலியும் காவலும்

உமா ஓயாக் கரையிலுள்ள வெலிமடையில் மரக்கறி பயிரிடுவோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றி எத்துணை நேர்த்தியாக வேலி அடைத்தாலும், இரவில் காவலுக்கு ஆள் இல்லையெனில் காட்டுப் பன்றி எவ்வழியேனும் உள்ளே புகுந்துவிடும். நலிந்த சமூகத்தார்க்கு அரசியலமைப்புகள் அளிக்கும் பாதுகாப்பும் இத்தகையதே. ஏட்டில் எழுதிய தடை ஒரு வேலி. அதனைக் காத்து நிற்கும் அமைப்பே காவல். வேலி மட்டும் இருந்து காவல் இல்லாத காலத்தில் நேர்ந்தது என்ன என்பதை, வெலிமடையைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே இம்மக்கள் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய நலனைக் கவனிக்க முதலில் ஏற்பட்ட ஏற்பாடு இந்நாட்டு அரசியலமைப்பைச் சேர்ந்ததன்று. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசாங்கத்தின் ஏஜன்டு ஒருவர் கண்டியில் அமர்ந்து தோட்டத் தொழிலாளரின் முறைப்பாடுகளைக் கேட்டு வந்தார். உழைப்பது ஒரு நாட்டில், முறையிடுவது மற்றொரு நாட்டின் அதிகாரியிடம் என்னும் நிலை அன்று இருந்தது.

1931ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கிற்று. எனினும், இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தவரை நிரந்தர வாசம், கல்வி, சொத்து முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றைக் கடந்தும் பலர் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர் வெற்றி பெற்றனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், பதுளையில் எஸ். எம். சுப்பையாவும் தெரிவாயினர். லயத்து அறையில் வாழ்ந்தவனுடைய குரல் பிரதிநிதிகள் சபையில் ஒலிக்கத் தொடங்கிற்று.

அத்தேர்தலுக்கு அடிப்படையான சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையோரைக் காக்கும் பிரிவு ஒன்றிருந்தது. அதுவே 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்தாருக்கோ சமயத்தாருக்கோ மட்டும் இயலாமையை விதிக்கும் சட்டத்தையும், பிறருக்கில்லாத சலுகையை ஒரு சாராருக்கு வழங்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது; இயற்றினால் அது செல்லாது என்று அப்பிரிவு விதித்தது. வேலி உறுதியானதே. ஆனால், அத்தடை மீறப்படுகின்றதா என்று இடையறாது கண்காணிக்கும் ஆணைக்குழு எதனையும் அவ்வரசியலமைப்பு நிறுவவில்லை. பாதிக்கப்பட்டவனே வழக்காட வேண்டும். கொழும்பில் தோற்றால் இலண்டன் மாநகரத்துக் கோமறைக் கழகம் வரை சென்று முறையிட வேண்டும்.

சோதனை விரைவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரை வழிப் பிரஜையாக வேண்டுமாயின், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். சட்டத்தில் ‘தமிழர்’ என்ற சொல்லே இல்லை. ‘தோட்டம்’ என்ற சொல்லும் இல்லை. ஆயினும், தந்தையின் பிறப்பை நிறுவும் பத்திரத்துக்குத் தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? கொழுந்துக் கணக்கு ஒரு நாளும் தவறாமல் எழுதப்பட்ட இடத்தில், பிறப்புக் கணக்கு அவ்வளவு கவனத்தோடு எழுதப்படவில்லை. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்குரிமை உண்டு என்று அடுத்த அடியையும் வைத்தது.

இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்ற வாதம் நீதிமன்றம் ஏறிற்று. கேகாலை மாவட்டத்தில், வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடாகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியோ சட்டங்கள் செல்லாவெனக் கொண்டு பெயரைச் சேர்க்கப் பணித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அப்பணிப்பை நீக்கிற்று. 1953இல் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தன் பிரஜைகள் யாவர் என்று தீர்மானிப்பது எந்நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம் என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் பிரஜாவுரிமைத் தகுதி பற்றியதேயன்றி அவர்களுடைய சமூகத்தைப் பற்றியதன்று என்றும் கழகம் கருதிற்று. நேரே செய்யக் கூடாததைச் சட்டசபை மறைமுகமாகவும் செய்யலாகாது என்ற நெறியை அது மறுக்கவில்லை. இவ்வழக்கில் அந்நெறி மீறப்பட்டதாக ஏற்கவில்லை.

அத்தீர்ப்பு ஒருவரோடு நிற்கவில்லை. வெலிமடை மலைச்சரிவில் கொழுந்து கொய்தவளையும் அது கட்டுப்படுத்திற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. கொழும்பில் அக்காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகமும் உரிமையை மீட்டுத் தரவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியவை. பிரஜாவுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. 1964ஆம் ஆண்டு சிறீமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு அரசாங்கங்கள் பேசி முடித்த அக்கணக்கில், சம்பந்தப்பட்டவரின் விருப்பத்துக்கு முதலிடம் இருக்கவில்லை.

அதே காலத்தில் இந்தியா வேறொரு வழியை நாடிற்று. 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்ததோடு அமையாது, தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கையிடத் தனி அதிகாரி ஒருவரை 338ஆம் உறுப்பின் கீழ் ஏற்படுத்திற்று. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பதவிக்குப் பதிலாக ஆணையத்தை அமைத்தது. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அதற்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அங்கும் கொடுமைகள் ஒழிந்துவிடவில்லை. ஆயினும், முறைப்பாட்டைக் கேட்பதையே கடமையாகக் கொண்ட அமைப்பு ஒன்று அங்கு அரசியலமைப்பிலேயே இடம் பெற்றது.

இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவைக் கைவிட்டு, அடிப்படை உரிமைகளை வகுத்தது. அவ்வுரிமைகளுட் பல பிரஜைகளுக்கே உரியவை. ஆகவே, நாடற்றவர் அவற்றின் புறத்தே நின்றனர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சட்டத்தின் முன் சமத்துவத்தை எல்லா ஆட்களுக்கும் உரித்தாக்கிற்று. பிறநாட்டுப் பிரஜையல்லாத நிரந்தர வாசிகளுக்குப் பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை முதலியவற்றைப் பத்தாண்டுகளுக்கு வழங்கிற்று. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு நேரே மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்தல் வேண்டும். நாட்கூலியை விட்டுவிட்டு மலையிறங்கிக் கொழும்பு சென்று சட்டத்தரணியைத் தேட வேண்டிய தொழிலாளிக்கு ஒரு மாதம் மிகக் குறுகிய தவணையாகும்.

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவை நிறுவிற்று. ஒரு மாதத்துக்குள் அவ்வாணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் உயர் நீதிமன்றத் தவணைக்குள் எண்ணப்படுவதில்லை. ஏழைக்கு இது பேருதவி. ஆணைக்குழு விதந்துரை செய்யலாம். தண்டனை விதிக்க இயலாது. அதன் விதந்துரை புறக்கணிக்கப்பட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கையிடும். அவ்வறிக்கை பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும்.

காவலரை நியமிப்பவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. 2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை ஏற்படுத்தி, அதன் விதந்துரையின்றி ஆணைக்குழு உறுப்பினரை நியமிக்கலாகாது என்றது. சிறுபான்மையோரின் நலன்களுக்கெனப் பேரவையில் மூவர் இடம்பெறவும் அது வழிசெய்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அப்பேரவையை நீக்கிற்று. 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் அகற்றிற்று. 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடியும் நிறுவிற்று. ஆட்சி மாறுந்தோறும் காவற்குடிசை பிடுங்கி நடப்பட்டால் காவலன் எங்ஙனம் நிலைத்து நிற்பான்?

1948ஆம் ஆண்டில் வேலி இல்லாமையால் இம்மக்கள் உரிமை இழக்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லாமலே அச்சமூகத்தைத் தாக்கவல்ல சட்டத்தை, அதன் விளைவைக் கொண்டு எடை போடுவதற்கு அமைப்பு ஒன்று இல்லாமையால் இழந்தனர். வெலிமடைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி தன் முறைப்பாட்டைத் தன் மொழியில் எழுதிக் கொடுத்து, அதற்குத் தன் மொழியிலேயே விடை பெற்று, அன்று மாலையே லயத்துக்குத் திரும்பக் கூடுமாயின், அரசியலமைப்பின் காவல் அவளுடைய வாயில் வரை வந்துவிட்டது என்று கொள்ளலாம். அவளால் அது இயலுமா என்பதைக் கொண்டே அத்தகைய அமைப்புகளின் தகுதியை அளத்தல் வேண்டும்.