இறுக்கத்திற்கும் ஓர் அளவு

மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அவ்வுண்மை மோட்டார் எஞ்சினின் மரையாணிக்கும், அதாவது போல்ட்டுக்கும், பொருந்தும். எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டும் வேளையில் ஓர் ஆணி முறிந்தால், பல நாள் உழைப்பு வீணாகும். ஓடும் பேருந்தில் இணைப்புத் தண்டின் ஆணி முறிந்தாலோ, அத்தண்டு எஞ்சினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளிவரும். இதனைத் தடுக்க மனிதன் கண்ட வழியை இன்று ஆராய்வோம்.

சென்னைக்கு வடக்கே, கொற்றலையாறு கடலோடு கலக்குமிடம் எண்ணூர். 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அக்கடற்கரையில் தொழிற்சாலை அமைத்தது. 1949-இல் அங்கே ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பெற்றன. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா, அண்டையிலுள்ள திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிலை வளர்த்தது. கடல் கடந்து பாகங்கள் கப்பலில் வரலாம். அவற்றைச் செய்தவனின் கைப்பழக்கம் கப்பலில் வராது. அளவு ஒன்றே அதன் இடத்தை நிரப்ப வல்லது.

முதலில் அளவு கண்டது ஆணியின் மரைக்கு. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் ஆணியில் ஏறாதிருந்த காலத்தில், 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தில் பொதுவான மரையை வகுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகள் 60 பாகை மரையைப் பொதுவாக ஏற்றன.

ஆயினும், எவ்வளவு இறுக்குவது என்பது கைக்கே விடப்பட்டிருந்தது. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார், குழாய்களின் ஆணிகள் மிகையாக இறுக்கப்படுவதைத் தடுக்க, 1918-இல் திருப்பு விசையைக் காட்டும் சாவியை உருவாக்கினார் என்பர். பட்டறைகளில் அது டார்க் ரெஞ்சு என வழங்குகிறது.

இறுக்கிய ஆணி, இழுத்துப் பிடித்த சுருள்வில்லைப் போன்றது. நீட்சி விசைக்கேற்ப அமையும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். எல்லைக்குள் நீண்ட ஆணி தன் நிலைக்கு மீளும். எல்லை கடந்தால் மீளாது, பின்னர் முறியும். தளர்ந்த ஆணியும் பிழைப்பதில்லை. எஞ்சினின் ஒவ்வொரு சுழற்சியிலும் இழுபட்டுத் தளர்ந்து, நாளடைவில் களைத்து முறிகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாவி அளப்பது திருப்பு விசையையே; ஆணியின் இழுப்பை அன்று. நாம் செலுத்தும் விசையில் ஏறத்தாழ 100-க்கு 90 பங்கு உராய்விலே கழிகிறது. உப்புக்காற்றில் மரை துருப்பிடித்தால் உராய்வு மிகும். சாவி உரிய எண்ணைக் காட்டினாலும் ஆணி தளர்ந்தே இருக்கும். உலர்ந்த மரைக்கெனக் குறித்த எண்ணை எண்ணெயிட்ட மரையில் பின்பற்றினாலோ, இழுப்பு மிகுந்து ஆணி முறியக்கூடும்.

சாவியும் பிழைபடும். இன்றைய உலகத் தரம், 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட 'கிளிக்' சாவிக்கு 100-க்கு 4 பங்கு பிழையையே பொறுக்கிறது. ஓராண்டுக்கு ஒருமுறையோ, 5,000 முறை பயன்படுத்திய பின்னரோ, எது முந்தியதோ அப்போது, அதனைச் சோதிக்க வேண்டும். அளக்கும் கருவியையும் அளந்து பார்ப்பதே தொழிலறிவு.

மாணவ நண்பர்களே! முறிந்த ஆணியைக் காணும்போது இரும்பைப் பழிக்க விரையாதீர். மரை தூயதா, எண்ணெய் உண்டா, சாவி சோதிக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். அம்மூன்று வினாக்களைக் கேட்டறிந்து பூட்டுகின்றவனின் கையை நம்பியே பேருந்தில் ஐம்பது பேர் பயணம் செய்கின்றனர்.