திருகோணமலையின் ஆங்கிலப் பெயர்

இலங்கையின் கிழக்குக் கரைத் துறைமுக நகரான திருகோணமலை ஆங்கிலத்தில் 'டிரிங்கோமலீ' எனப்படும். எழுத்து பதினொன்று. முதல் அசையில் 'என்' உண்டு, அடுத்து வருவது 'கே' அல்ல 'சி', 'எல்' ஒன்றே, கடைசியில் இரட்டை 'ஈ'. அழுத்தம் 'லீ'யில் விழும். நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் அரச ஆங்கிலத்தில் இதுவே பெயர். பேச்சில் அது 'ட்ரிங்கோ' ஆகிவிடும். தமிழில் பேசும்போது ஊர்க்காரருக்கு 'திருமலை' போதும்.

இந்த வடிவம் ஆங்கிலேயர் ஆக்கியதன்று, அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. சம்பந்தர் தேவாரத்தில் இவ்விடம் கோணமாமலை. நிலாவெளிக் கல்வெட்டில் கோணபர்வதம். பாளி நூலான மகாவம்சம் கோகண்ணம் என்கிறது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் தங்கள் ஏடுகளில் 'திரிக்கினிமலே' என்றும் அதையொட்டியும் பலவாறு எழுதினர். 'திரு' அவர்கள் நாவில் 'திரி' ஆனது. 'மலை' 'மலே' ஆனது. 1639இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் எழுத்துகளில் 'திரிங்கெனெமாலே' போன்ற வடிவங்கள் வருகின்றன. 'கோ'வின் பின்னால் இருக்க வேண்டிய மெல்லொலி இங்கே ககரத்துக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் இருந்த 'ண' ஆங்கிலத்தில் உதிர்ந்ததும் இன்றைய பெயர் கிடைத்தது. ஆக, பெயரில் 'ண' தொலைந்துவிட்டது என்ற குறை பாதிதான் சரி.

1795இல் துறைமுகம் பிரித்தானியர் வசமானது. 1957 வரை அவர்களின் கடற்படைத் தளமாக இருந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பல் தளத்தில், மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பலுக்கும் 'டிரிங்கோமலீ' என்றே பெயரிட்டனர். அந்தக் கப்பல் 'பூத்ரோயான்' என்ற வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாகப் பல்லாண்டு கிடந்து, 1992இல் பழைய பெயரை மீட்டது. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. ஊரைப் பார்த்திராத பலர் பெயரைப் படித்தது அந்தக் கப்பலில்தான்.

ரஷ்யர் 'மஸ்க்வா' என்பதை ஆங்கிலேயர் 'மாஸ்கோ' என்கிறார்கள். அது வெளியார் வைத்த பெயர், அதாவது புறப்பெயர். திருகோணமலையின் நிலை வேறு. இலங்கையில் ஆங்கிலம் இணைப்பு மொழி. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தமே அப்படிச் சொல்கிறது. எனவே 'டிரிங்கோமலீ' நாட்டுக்குள்ளேயே வழங்கும் பெயர். புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் தெரியும்: சிங்களத்தில் திரிகுணாமலய, தமிழில் திருகோணமலை, கீழே ஆங்கிலம். மூன்றும் ஒரே ஊர்; ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு அல்ல. இன்றைய ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர் 'டிரிங்கோமலீ' என்று எழுதுவதில் பிழையில்லை. தேவார காலத்துத் தலத்தைப் பேசும்போது தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தருவதே பொருத்தம். சம்பந்தரை 'டிரிங்கோமலீ'யைப் பாட வைப்பது காதுக்கு ஒவ்வாது.

துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெயர்கள் எல்லாம் ஒரே விதிக்குள் அடங்குவதில்லை. சீனக்குடா ஆங்கிலத்தில் 'சைனா பே', நேர்ப் பொருள். உவர்மலை 'ஓர்ஸ் ஹில்'; இங்கே பொருளைவிட ஓசைதான் ஒட்டுகிறது. 1660இல் இங்கே சிறைப்பட்ட ஆங்கிலக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் கொட்டியாரத்தைக் 'கொட்டியார்' என்று காதில் விழுந்தபடியே எழுதினார். பிரதேச செயலகப் பிரிவான 'பட்டினமும் சூழலும்' ஆங்கிலத்தில் 'டவுன் அண்ட் கிரவெட்ஸ்'. லண்டன்காரரிடம் 'கிரவெட்ஸ்' என்றால் விழிப்பார்.

ஆங்கிலப் பெயரைத் தமிழோசைக்கு ஒப்ப மாற்ற முடியாதா? தமிழ்நாட்டு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூருக்குக் கிடைத்த நீண்ட எழுத்துக்கூட்டலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

உண்மையான பிழை எதிர்த்திசையில் நடக்கிறது. தமிழகப் பத்திரிகைகளில் 'திரிகோணமலை' அடிக்கடி வருகிறது. 'திரி' என்றால் மூன்று என்று விளக்கமும் சொல்வார்கள்; ஊர்க்காரர் முகம் சுளிப்பார்கள். 'டிரின்கோமாலி' என்று தமிழில் எழுதுவது இன்னும் மோசம். ஊர்க்காரருக்குள்ளும் ஒரு வழக்கு தீராமல் இருக்கிறது: இலக்கணப்படி 'க்' சேர்த்துத் திருக்கோணமலை என்பவர்கள் ஒரு பக்கம், ஒற்றில்லாத அரச பலகைகள் மறுபக்கம்.