அறுவடையும் பிறையும்: ஹிஜ்ரி மாதங்கள் பசலியைப் பெற்ற கதை

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ரசீது இருக்கிறது. எகிப்தின் அஹ்னாஸ் ஊரில் அரபுப் படைக்காக 65 ஆடுகள் பெறப்பட்டதற்கான சீட்டு அது. கிரேக்கத்தில் எழுதிய பகுதி, எகிப்தியரின் சூரிய மாதமான பர்முத்தி 30 என்று தேதியிடுகிறது. நம் கணக்கில் 643 ஏப்ரல் 25. அதே தாளின் அரபுப் பகுதியில் இருப்பது ஜமாதுல் அவ்வல், ஆண்டு 22. எதிலிருந்து எண்ணிய 22 என்ற விளக்கம் இல்லை. பாளையத்தில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

அந்த ஆண்டுக் கணக்குக்கு அப்போது வயது ஐந்துதான். தேதியில்லாத கடிதங்களால் குழப்பம் என்று அபூ மூஸா அல்அஷ்அரி எழுதிய முறையீட்டுக்குப் பிறகு, 638இல் கலீஃபா உமர் அதை நிறுவியதாக மரபுச் செய்திகள் கூறுகின்றன. நபிகளார் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஆண்டே இந்த ஹிஜ்ரிக் கணக்கின் முதலாண்டாயிற்று. பெயர்ச்சி நடந்ததென்னவோ ரபீஉல் அவ்வலில். ஆனால் ஆண்டின் தொடக்கமாக முஹர்ரமே நின்றது.

ஆண்டுதான் புதிது, மாதங்கள் பழையவை. அவற்றுள் சில பருவத்தைச் சுமந்துகொண்டு பிறந்தவை. இரண்டு ரபீஉகளில் வசந்தம் இருக்கிறது, ரமலானில் சுட்டெரிக்கும் வெப்பம் இருக்கிறது. ஜமாது குறிப்பது நீர் உறையும் குளிரையா, வறட்சியையா என்பதில் பழைய உரைகாரர்களே ஒத்துப்போகவில்லை. எப்படியானாலும், பெயரும் பருவமும் ஒரு காலத்தில் பொருந்தியிருக்க வேண்டும். அதற்கு வழிசெய்தது 'நஸீ' என்ற வழக்கம் என்கிறார் அல்பீரூனி: கினானா குலத்தின் 'கலம்மஸ்' எனப்பட்டவர்கள் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டி, சந்திர ஆண்டைச் சூரியனோடு சேர்த்துவைத்தார்களாம். போர் தடைசெய்யப்பட்ட புனித மாதத்தை வசதிக்கேற்பத் தள்ளிப்போட்டதே நஸீ என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்து நஸீயைக் கண்டித்தது. 632இல் நபிகளாரின் இறுதி ஹஜ் உரையும் அதை உறுதிசெய்தது.

அன்றுமுதல் ஆண்டு 354 அல்லது 355 நாள்தான். ரமலான் கோடையிலும் வரும், மார்கழிப் பனியிலும் வரும். ஏறத்தாழ 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். நோன்பாளிக்கு இதில் சிக்கலில்லை. சிக்கல் கஜானாவுக்கு. நெல்லும் கோதுமையும் பிறை பார்த்து விளைவதில்லையே!

உதுமானியப் பேரரசு இதில் நன்றாகவே மாட்டிக்கொண்டது. ஜானிசாரிப் படைக்கு மூன்று சந்திர மாதத்துக்கு ஒருமுறை சம்பளம். தவணைகளுக்கு மாதங்களின் எழுத்துகளைக் கோத்தே பெயர் வைத்தார்கள்: முஹர்ரம், ஸபர், ரபீஉல் அவ்வல் சேர்ந்தால் 'மஸர்', ரஜப், ஷஃபான், ரமலான் சேர்ந்தால் 'ரெஷென்'. நிலவரியோ சூரிய ஆண்டுப்படி வந்தது. ஆகவே 32 அறுவடையின் வரவைக் கொண்டு 33 ஆண்டுச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. வரவில்லாத அந்த ஓராண்டுக்கு 'ஸிவிஷ்' என்று பெயர். படைக் கலகங்கள் சிலவற்றை வரலாற்றாசிரியர் ஹலீல் சாஹில்லியோலு இந்தப் பற்றாக்குறையோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்.

முகலாயர் வேறு வழி கண்டார்கள். அக்பர் ஆட்சியில், ஹிஜ்ரி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணும் பசலி வந்தது. 'ஃபஸ்ல்' என்றால் அறுவடைப் பருவம். தக்காணத்தில் அதை ஷாஜஹான் 1636இல், ஹிஜ்ரி 1046இல் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி முதல் நாளில் பிறந்த பசலி ஆண்டை, 1855இல் ஆங்கிலேயர் ஜூலை 1க்கு மாற்றினர்.

தமிழக வருவாய்த்துறை இன்றும் அதே கணக்கில்தான் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பது பசலிவாரியாகப் பதிவாகிறது. ஜமாபந்தியில் தணிக்கையாவதும் பசலிக் கணக்கே. 2024 ஜூலை 1இல் பசலி 1434 பிறந்தது. அதே மாதம் ஏழாம் தேதியையொட்டி ஹிஜ்ரி 1446 பிறந்தது. 1046இல் ஒன்றாகப் புறப்பட்ட இரண்டு எண்களுக்கும் நடுவே, 388 ஆண்டுகளில் விழுந்த இடைவெளி 12.