உல்மில் பார்த்த போலீஸ் துப்பாக்கி

மகள் ஜெர்மனியில் உல்ம் நகரில் இருந்தபோது இரண்டு கோடைக்காலம் அங்கே போய்த் தங்கினேன். ஐன்ஸ்டீன் பிறந்த ஊர், 161 மீட்டர் உயரக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் உள்ள ஊர் என்பதுதான் எனக்குத் தெரியும். வால்ட்டர் துப்பாக்கிக் கம்பெனி இருப்பதும் இதே ஊரில்தான் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். தொழிற்பள்ளியில் லேத் வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வால்ட்டர் போலீஸ் கைத்துப்பாக்கிகளை மட்டும் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறார்.

நமக்குத் தெரிந்த துப்பாக்கி தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடிப்பதுதான். ஆனாலும் அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கார்ல் வால்ட்டர் 1886-ல் துரிங்கியா மலைப்பகுதியில், இன்று ட்செல்லா-மேலிஸ் என்று வழங்கும் ஊரில் பட்டறை வைத்தார். அந்த வட்டாரமே துப்பாக்கித் தொழிலுக்குப் பேர் போனது. மகன் ஃபிரிட்ஸ் காலத்தில் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் வந்தன. 1929-ல் வந்ததுதான் பிபி. ‘போலீஸ் பிஸ்டல்’ என்பதன் ஜெர்மன் முதலெழுத்துகள் அவை. கொஞ்ச நாளில், சாதா உடையில் திரியும் துப்பறிவாளர்கள் கோட்டுக்குள் மறைத்து வைக்க வசதியாக, இன்னும் சிறிய பிபிகே வந்தது.

இதில் புதுமை என்ன? அதுவரை தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரருக்கு ஒரு சங்கடம் இருந்தது. தோட்டாவை உள்ளே ஏற்றி, சுத்தியலையும் இழுத்து வைத்தால் எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற பயம். ஏற்றாமல் வைத்தால், ஆபத்து வரும்போது மேல் பாகத்தை இழுத்து ஏற்ற இரண்டு கையும் வேண்டும். ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை, விசையை அழுத்தினால் போதும்.

பிபி இந்த இரண்டையும் சேர்த்தது. தோட்டாவை ஏற்றியபின் பாதுகாப்பு நெம்பைக் கீழே தள்ளினால், உள்ளே ஊசிக்கு மறைப்பு வந்து, சுத்தியல் சுடாமல் இறங்கிவிடும். தேவைப்படும்போது நெம்பை மேலே தள்ளி விசையை நீளமாக அழுத்தினால், அதுவே சுத்தியலைத் தூக்கி அடிக்கும். இரண்டாவது குண்டிலிருந்து விசை லேசாகிவிடும். உள்ளே தோட்டா இருந்தால் சுத்தியலுக்கு மேலே ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டில் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். இதே யோசனையைப் பெரிதாக்கித்தான் 1938-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட பி38 வந்தது. சோவியத் நாட்டின் மகரோவ் கைத்துப்பாக்கியிலும் பிபியின் சாயலைக் காணலாம்.

1945 ஏப்ரலில் ட்செல்லா-மேலிஸ் அமெரிக்கப் படையிடம் விழுந்தது. ஜூலையில் அந்தப் பகுதி சோவியத் கைக்கு மாறியது. ஃபிரிட்ஸ் வால்ட்டர் மேற்கே வந்து உல்மில் மறுபடி தொடங்கினார். 1950-களில் பிபி துப்பாக்கிகளைப் பிரான்சின் முலூஸ் நகரத்தில் மனுரின் கம்பெனி உரிமம் பெற்றுச் செய்தது. அங்கே செய்தவற்றில் ஒரு பகுதி உல்மில் முடித்து, உல்ம் முத்திரையோடு விற்பனைக்குப் போனது. மேற்கு ஜெர்மனியில் பல மாநிலப் போலீசார் இடுப்பில் இருந்தது இதுதான்.

பிபிகேயின் புகழுக்கு இயன் ஃபிளெமிங்கும் காரணம். ஜேம்ஸ் பாண்டிடம் அவர் முதலில் கொடுத்திருந்த சிறிய பெரெட்டா ஆண்பிள்ளை வைக்கிற துப்பாக்கியே இல்லை என்று, துப்பாக்கி விஷயம் தெரிந்த வாசகர் ஜெஃப்ரி பூத்ராய்ட் கடிதம் போட்டார். 1958-ல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் பாண்ட் கைக்கு பிபிகே வந்துவிட்டது.

நிஜ வாழ்க்கையில் கதை வேறு. 1974 மார்ச் 20 அன்று லண்டனில் இளவரசி ஆனைக் கடத்த முயற்சி நடந்தது. காவலர் ஜேம்ஸ் பீட்டன் ஒரு முறை சுட்டார். அதோடு அவருடைய பிபிகே அடைத்துக்கொண்டது. மூன்று குண்டுகள் பட்டும் அவர் பிழைத்தார். லண்டன் போலீஸ் அந்தத் துப்பாக்கியைக் கைவிட்டது. ஜெர்மனியிலும் 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு, 7.65 மி.மீ. தோட்டா போதாது என்று போலீஸ் 9 மி.மீ.க்கு மாறியது. பழைய பிபிகள் விற்பனைக்கு வந்தன. பெரியவர் வைத்திருக்கும் சில அப்படி வந்தவைதான்.

ஜெர்மனியில் துப்பாக்கி சேகரிக்க சிவப்பு அட்டை வேண்டும். கண்டதையும் வாங்கிக் குவிக்க முடியாது. எதைச் சேகரிக்கிறோம், வரலாற்றுக்கு அதனால் என்ன பயன் என்று எழுதிக்கொடுத்து அதிகாரியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்களுக்குத் தனி அட்டை. இவரிடம் இரண்டும் உண்டு.

ஒரு சனிக்கிழமை அவருடைய கிளப்புக்கு என்னை அழைத்துப் போனார். காதடைப்பு, கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டு, 1960-களில் செய்த பிபி ஒன்றைக் கையில் கொடுத்தார். முதலில் அவரே சுத்தியல் இறக்கும் நெம்பைத் தோட்டா இல்லாமல் சோதித்துப் பார்த்தார். பழைய துப்பாக்கியில் அந்தப் பாகம் தேய்ந்திருந்தால், இறக்கும்போதே வெடித்துவிடும். அதனால் எப்போதும் குழலைத் தடுப்பு மேட்டை நோக்கி வைத்துத்தான் நெம்பைத் தொட வேண்டும் என்றார். மீள்விசை ஸ்பிரிங்கையும் அவ்வப்போது மாற்றுவாராம்.

ஐந்து தோட்டா சுட்டேன். முதல் குண்டுக்கு விசை அவ்வளவு கனம், கை நடுங்கிக் குறி எங்கேயோ போனது. அடுத்தவை காகிதத்தில் பட்டன. இந்த வகையில் குழல் அசையாமல் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது, துல்லியத்துக்கு அதுதான் காரணம் என்றார். மேல்பாகம் பின்னால் அடித்து வரும்போது கட்டைவிரல் மடிப்பில் லேசாகக் கீறிவிட்டது. உயரப் பிடித்தால் எல்லோருக்கும் இப்படித்தானாம்.

வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியைத் திறந்து, அவர் ஒருபோதும் சுடாத ஒன்றைக் காட்டினார். ட்செல்லா-மேலிஸில் செய்தது. போருக்கு முந்தியதென்றால் சோதனை முத்திரை கிரீடமும் ‘என்’ எழுத்தும், 1940 முதல் கழுகும் ‘என்’னும் என்று விளக்கினார். முந்தியவை கண்ணாடி போல மெருகு, போர் முடியும் தறுவாயில் செய்தவற்றில் அரம் போட்ட கோடுகள்கூடத் தெரியும். இதில் இன்னொரு குறியும் இருந்தது: கழுகு, ஸ்வஸ்திகா, ‘சி’ என்ற எழுத்து. நாஜி ஆட்சியில் போலீசுக்காக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

இந்தக் குறி இருந்தால் விலை ஏறும். அதனாலேயே சாதாரணத் துப்பாக்கியில் புதிதாகக் குத்தி விற்கும் ஏமாற்றும் உண்டு. குறியின் விளிம்பில் உலோகம் எழும்பிய விதம், அதன்மேல் மெருகு, வரிசை எண் அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அவருடையது அசல்தான். போருக்குப்பின் சிப்பாய் ஒருவரின் பையில் அமெரிக்கா போய்த் திரும்பி வந்தது.

“அசல் என்று தெரிந்த அன்று சந்தோஷப்பட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை” என்றார்.

காரணம் கேட்டேன். 1936 ஜூனில் ஜெர்மன் போலீஸ் முழுவதும் ஹிம்லர் கைக்குப் போனது. போலீஸ் என்றால் போக்குவரத்தைப் பார்ப்பவர்கள் மட்டுமில்லை. ஹாம்பர்க்கிலிருந்து போலந்துக்குப் போன 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 1942 ஜூலையில் யூசெஃபுவ் என்ற ஊரில் ஒரே நாளில் சுமார் 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. பலர் பிள்ளை குட்டிக்காரர்கள், நடுவயதுக்காரர்கள். விருப்பமில்லாதவர் விலகலாம் என்று தளபதியே சொல்லியும், ஏறத்தாழ 500 பேரில் அப்போது முன்வந்தவர் ஒரு டஜன் பேர்தான். வால்ட்டர் கம்பெனியின் ஓர் ஆலை நோயங்கம்மே வதைமுகாமிலேயே நடந்தது. கைதிகள் அங்கே ரைபிள் பாகங்கள் செய்தார்கள். அந்தக் கட்டடம் இன்று நினைவிடத்தின் பகுதி.

“இது யார் இடுப்பில் இருந்தது என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. நல்லவன் கையிலும் இருந்திருக்கலாம். தெரியாததால்தான் சுடுவதில்லை” என்றார்.

ஏன் விற்றுவிடவில்லை என்று கேட்டேன். விற்றால், அந்தக் கழுகுக்காகவே வாங்குகிறவன் கைக்குப் போகும் என்றார். தனக்குப் பிறகு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க எழுதி வைத்திருக்கிறாராம். துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினார். அதற்குள் அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். பேச்சு தோட்டத்துத் தக்காளிக்கு மாறியது.