உருளைக்கிழங்கு சூப்பும் அடுப்படியில் நின்றவர்களும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஊர்லேர்ந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தாங்க. கூடவே ஆபீஸ் நண்பர்கள் மூணு பேர். ஆறு பேருக்கும் நான்தான் சமையல், அதுவும் பிரெஞ்சு சமையல்னு ரெண்டு நாள் முன்னாடியே வாயை விட்டுட்டேன். "மச்சி, எதுக்கும் வரும்போது பிரியாணி வாங்கிட்டு வரவா?"ன்னு ஒருத்தன் போன் பண்ணிக் கேட்டான். நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை :-)

செஞ்சது என்னவோ ரொம்ப சாதாரணம்தான். உருளைக்கிழங்கு சூப், ஆம்லெட், ரொட்டி. அரைக் கிலோ உருளைக்கிழங்கு, வெங்காயமும் வெங்காயத்தாளும் சேர்த்து அரைக் கிலோ, ரெண்டு லிட்டர் தண்ணி, உப்பு. முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பருப்பு மத்தால கடைஞ்சு, மேல கொஞ்சம் வெண்ணெய், மிளகுத்தூள். அவ்வளவுதான். (அவங்க ஊர்ல 'லீக்'னு தடிமனா ஒரு வெங்காயத்தாள் போடுவாங்க. நம்ம காய்கறிக்கடையில அது இல்லை.) இதுக்குப் பேர் 'பொத்தாஜ் பார்மான்த்தியே'.

"கிழங்குக் கஞ்சிக்கு இவ்வளவு பெரிய பேரா? யாருடா அந்த பார்மான்த்தியே?"ன்னு அம்மா கேட்டாங்க. அன்னிக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிட்டேன். அப்புறம் தேடிப் படிச்சப்ப, கிழங்கைத் தாண்டி வேற ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துடுச்சு. 'எளிய வீட்டுச் சமையல்'னு சொல்றோமே, அது யாருக்கு எளிது?

முதல்ல அம்மா கேட்ட ஆளைப் பார்ப்போம்.

அந்துவான் பார்மான்த்தியே (1737-1813) பிரெஞ்சு ராணுவத்துல மருந்தாளுநர். ஏழாண்டுப் போரில் (1756-63) பிரஷ்யாக்காரர்களிடம் சிறைப்பட்டார். அங்கே சிறையில் கிடைச்ச சாப்பாடு உருளைக்கிழங்கு. பிரான்ஸிலோ அன்னிக்கு அது பன்றித் தீவனம். சாப்பிட்டா தொழுநோய் வரும்னு கூட பயந்தாங்க. மனுஷன் பல வேளை அதையே தின்னும் நல்லாத்தான் இருந்தார். அது போதாதா? ஊர் திரும்பியதும் கிழங்குக்குப் பிரசாரம் பண்றதே அவர் வேலையாப் போச்சு. 1772-ல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் குழு இதைச் சாப்பிடலாம்னு சான்று கொடுத்துச்சு. பாரிஸ் பக்கத்துல சப்லோன் என்ற இடத்தில் கிழங்கு பயிரிட்டு, பகல்ல காவல் போட்டு, ராத்திரி காவலை எடுத்துட்டார், 'காவல் போடற அளவுக்கு என்ன அப்படி ஒசத்தி'ன்னு ஜனங்க வந்து திருடிட்டுப் போய் நட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ, கதை நல்லாயிருக்கு. பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துல அவர் சமாதி மேல ஜனங்க இன்னிக்கும் உருளைக்கிழங்கு வெச்சுட்டுப் போறாங்க.

புரட்சிக் காலப் பஞ்சத்தில், 1795 வாக்கில், முழுக்க உருளைக்கிழங்குச் சமையல் மட்டுமே சொல்லும் ஒரு குட்டிப் புத்தகம் வந்தது. பேர் 'குடியரசுச் சமையல்காரி'. எழுதியவர் மேரிகோ என்ற அம்மையார் என்கிறார்கள்.

அந்த 'சமையல்காரி'ங்கற வார்த்தையை கவனிங்க. என் கேள்வி அங்கதான் ஆரம்பிக்குது.

பிரெஞ்சுச் சமையலின் பழைய பெரிய புத்தகம் லா வரேன் எழுதியது, 1651. அவர் ஒரு பிரபுவின் அரண்மனைச் சமையல்காரர். எழுதினதும் அந்த மாதிரி பெரிய சமையலறைகளில் வேலை செய்யற ஆண்களுக்கு. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, 1746-ல், மெனோன் என்பவர் 'லா குசினியேர் பூர்ஷ்வாஸ்' எழுதினார். பூர்ஷ்வா வீட்டுச் சமையல்காரின்னு அர்த்தம். (நம்ம தோழர்கள் மேடையில திட்டுவாங்களே, அதே பூர்ஷ்வாதான்.) வக்கீல், வியாபாரி வீட்டில் ஒத்தை ஆளாய்ச் சமைக்கும் வேலைக்காரப் பெண்ணை நினைச்சு எழுதின புத்தகம். செலவு குறைவு, பாத்திரம் குறைவு, ஐட்டமும் குறைவு. 19-ஆம் நூற்றாண்டிலும் மறுபதிப்பு வந்துகிட்டே இருந்தது. இன்னிக்கு நாம் பிரெஞ்சு வீட்டுச் சமையல்னு சொல்றதுக்கு இது ஒரு முக்கியமான தொடக்கம்.

சரி, எளிமையான சமையல்தான். 'போத்தோஃபே'ன்னு ஒண்ணு இருக்கு. மாட்டிறைச்சி, கேரட், டர்னிப், லீக் எல்லாம் ஒரே பானையில். முதல்ல அந்தச் சாறு சூப், அப்புறம் அதே கறியும் காயும் சாப்பாடு. கேட்க எவ்வளவு சுலபம்! ஆனா நாலஞ்சு மணி நேரம் தளதளன்னு கொதிக்காம, அணைஞ்சும் போகாம, விறகுத் தீயை ஒரே சீரா வெச்சிருக்கணும். மேல வர்ற நுரையை எடுத்துக்கிட்டே இருக்கணும். அன்றைய பாரிஸில் குழாய்த் தண்ணி கிடையாது. தண்ணி சுமந்து விக்கறவங்ககிட்ட வாங்கணும், இல்லாட்டி போய் எடுத்துட்டு வரணும். எளிமை மேஜையில் இருந்தது. அடுப்படியில் ஒரு பொண்ணு காலையிலிருந்து நின்னுகிட்டிருந்தா. அவ பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புகழ் எல்லாம் வேற பக்கம் போச்சு. 1760-களில் பாரிஸில் உடம்புக்குத் தெம்பு தரும் கறிச்சாறு விக்கற கடைகள் வந்தன. தெம்பூட்டுவதுங்கறதுக்கான சொல்தான் 'ரெஸ்டாரன்ட்'. முதலில் சாற்றுக்கு இருந்த பேர், பிறகு கடைக்கே ஆயிடுச்சு. அப்புறம் வந்தவங்க கரேம், எஸ்கோஃபியே மாதிரி பெரிய தலைகள். எஸ்கோஃபியேவின் பெரிய புத்தகம் 1903. ஓட்டல் சமையலறையை ராணுவம் மாதிரி படை பிரிச்சு நடத்தியவர். பிரெஞ்சு சமையல்னதும் நமக்கு பயம் வர்றதுக்கு இந்தப் படைதான் காரணம்னு நினைக்கிறேன். இருபது பேர் செஞ்ச சாஸை ஒத்தை ஆளா செய்யணும்னா பயம் வராதா?

நடுவுல ஒரே ஒரு அம்மாவைச் சொல்லாம போக முடியாது. எழெனி பிரசியே (1895-1977). பண்ணையில் வளர்ந்த பொண்ணு. கல்யாணம் ஆகாம குழந்தை பெத்துக்கிட்டு, லியோன் நகரத்துக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். 1921-ல் சொந்தமா ஒரு சின்ன உணவகம் திறந்தார். 1933-ல் அவருடைய ரெண்டு உணவகங்களுக்கும் மிஷலின் மூணு மூணு நட்சத்திரம் கொடுத்தது. மொத்தம் ஆறு. அதுக்கு முன்னாடி எந்த ஆணும் வாங்காதது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் போக்யூஸ் இவர் சமையலறையில் தொழில் கத்துக்கிட்டவர்.

முதல் உலகப் போருக்கு அப்புறம் வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கறது குறைஞ்சுது. பெண்கள் தொழிற்சாலைக்கும் ஆபீஸுக்கும் போனாங்க. கேஸ் அடுப்பு வந்தது. இந்த சமயத்தில் 1930-ல் எத்வார் தெ பொமியான், 'பத்து நிமிஷச் சமையல்'னு ஒரு புத்தகம் எழுதினார். பாஸ்டர் ஆய்வு நிலையத்து விஞ்ஞானி, ரேடியோவில் சமையல் பேசியவர். வேலை விட்டு வந்ததும் கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு பாத்திரம் தண்ணியை அடுப்புல வைங்கறது அவர் யோசனை. எதுக்குன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம், எதுவுமே இல்லாட்டி காபிக்காவது ஆகும்! ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து நிக்கற எனக்கு இந்த மனுஷன் ரொம்ப நெருக்கம்.

1932-ல் ஜினெட் மாத்தியோ என்ற 25 வயசு மனையியல் ஆசிரியை 'எனக்குச் சமைக்கத் தெரியும்'னு ஒரு புத்தகம் எழுதினார். ஆயிரத்துக்கும் மேல குறிப்பு, எல்லாத்துக்கும் கிராம் கணக்கு. தலைமுறை தலைமுறையா பிரெஞ்சு வீடுகளில் இருந்த புத்தகம். 1961-ல் ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் மூணு பேரும் அமெரிக்கர்களுக்காக எழுதின புத்தகமோ, வேலையாள் இல்லாம சமைக்கறவங்களுக்குன்னு முன்னுரையிலேயே சொல்லிடுது. அதில் முதல் குறிப்பு என்ன தெரியுமா? நம்ம பொத்தாஜ் பார்மான்த்தியேதான்!

வேலைக்காரி போயிட்டா. பாரம் போச்சான்னா, இல்லை. அது மனைவி தலையில் ஏறிச்சு. பிரான்ஸில் பெண்கள் முதல்முறையா ஓட்டுப் போட்டது 1945-ல். கணவன் சம்மதம் இல்லாம தன் பேர்ல வங்கிக் கணக்கு திறக்கற உரிமை 1965 சட்டத்துக்கு அப்புறம்தான். அதனால பழைய பிரெஞ்சு வீட்டுச் சமையலை ஆஹா ஓஹோன்னு கொண்டாடறப்ப எனக்குக் கொஞ்சம் உறுத்துது.

2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரர்களின் விருந்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது. எந்த செஃப்பின் பதார்த்தமும் அதில் இல்லை. பிறந்தநாள், கல்யாணம்னு குடும்பமும் நண்பர்களும் கூடி உட்கார்ந்து சாப்பிடற அந்தப் பழக்கத்துக்குத்தான் அங்கீகாரம். படிச்சப்ப சந்தோஷமாத்தான் இருந்தது. கூடவே, அந்த மேஜையில் சமைச்சவங்களும் உட்கார்ந்தாங்களான்னு கேக்கத் தோணிச்சு.

எங்க வீட்டுல தோசை அன்னிக்கு அம்மா எங்களோட உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்லுக்கும் தட்டுக்கும் நடுவுல நடந்துகிட்டே இருப்பாங்க. கடைசி தோசையை ஆறிப்போன சட்னியோட அடுப்படியில நின்னே சாப்பிட்டுருவாங்க. இருபத்தெட்டு வருஷமா பார்த்தும் எனக்கு இது தோணலை. அந்த ஞாயித்துக்கிழமை சூப் பாத்திரத்தை நடுவுல வெச்சதும் பழக்கதோஷத்துல எழுந்துக்கப் பார்த்தாங்க. எடுத்துட்டு வர எதுவும் இல்லை. ஆம்லெட்டும் நான்தான். உட்கார்ந்துட்டாங்க. காரம் பத்தலைன்னு சொல்லி, ஊறுகாய் மட்டும் கேட்டாங்க.

நேத்து போன் பண்ணினப்ப, "உன் சூப்பை வெச்சேன்டா. குக்கர்ல மூணு விசில், கடுகு கறிவேப்பிலை தாளிச்சுட்டேன்"ன்னாங்க. பார்மான்த்தியே மன்னிப்பாராக. அப்புறம் மெதுவா, "கடைஞ்சது உங்கப்பா"ன்னாங்க.